திண்ணை வாத்தியாரும் சர்க்கார் பாடத்திட்டமும்

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அவற்றில் எந்தெந்தச் சாதியைச் சேர்ந்த எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், என்னென்ன நூல்கள் கற்பிக்கப்படுகின்றன, வாத்தியாருக்குக் கிடைக்கும் வரும்படி என்ன என்பவற்றையெல்லாம் விசாரித்து எழுதுமாறு, 1822ஆம் வருஷம் ஜூன் மாதம் 25ஆம் தேதி கவர்னர் சர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பொன்றின்பேரில் ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவு போயிற்று. பதில்கள் சாவகாசமாக வந்து சேர்ந்தன. அவற்றைத் தொகுத்து 1826ஆம் வருஷம் மார்ச் மாதம் 10ஆம் தேதி மன்றோ எழுதிய மற்றொரு குறிப்பின்படி, 1,28,50,941 ஜனங்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தார்கள். அவர்களுள் பெண்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவன் பள்ளிக்குப் போகிறான் என்றும், வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒருவன் என்ற அளவை நெருங்கும் என்றும் அவர் கணித்தார். வாத்தியாரைப் பற்றியும் ஒரு வரி உண்டு: பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை கிடைக்கிறது, மொத்தத்தில் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் அவருக்குத் தேறுவதில்லை.

இந்தக் கணக்கைக் கொண்டு, அக்காலத்தில் கல்வி செழித்திருந்தது என்று ஒரு சாராரும், செழித்திருக்கவில்லை என்று மற்றொரு சாராரும் வாதிப்பது பழகிப்போன சமாசாரம். எனக்கு அதில் அத்தனை ருசியில்லை. ஆறு ரூபாய் வாத்தியார் பிற்காலத்தில் என்ன ஆனார் என்பதே என் விசாரம். பாடத்திட்டம் திருத்தப்படுகிற போதெல்லாம், பிள்ளைகள் எதைப் படிக்கவேண்டும் என்னும் விவாதமே உரத்துக் கேட்கிறது. அந்தச் சத்தத்தினடியில், வாத்தியார் தம் வேலைக்கு யாரிடம் கணக்குச் சொல்லவேண்டியவர் என்னும் விஷயம் ஓசைப்படாமல் தீர்மானமாகிவிடுகிறது. இருநூறு வருஷத்துக் கல்விச் சீர்திருத்தங்களை இந்த ஒரு கண்கொண்டு பார்த்தால், வேறுவிதமான சரித்திரம் ஒன்று புலப்படுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு எவரும் பாடத்திட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அது கிரமமில்லாமல் நடக்கவுமில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகி, கை திருந்தியபின் எழுத்தாணியும் ஓலையும் ஏந்தி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று ஏறி, நிகண்டு வரையில் போகிற பாதை ஒன்று. எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்று கணக்கின் வழியே போகிற பாதை மற்றொன்று. முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பாகத்தையும், அரைக்காணி, காணி, மா, வீசம் என்னும் ஏனைய கீழ்வாய் எண்களையும் பிள்ளைகள் காலை மாலை ராகமிட்டு முறைசொல்லி மனனம் செய்தார்கள். அது ஏட்டுப் படிப்பு அன்று. களத்தில் கலமும் தூணியும் பதக்கும் குறுணியுமாக நெல் அளக்கப்படும்போது பக்கத்தில் நின்ற தகப்பன், பையனைக் கூப்பிட்டு வாரக் கணக்கைக் கேட்பான். பையன் திகைத்தால் மறுநாள் காலையில் வாத்தியார் வீட்டு வாசலில் விசாரணை நடக்கும். மகாநவமிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோலாட்டத்தோடு வீடுவீடாகப் போய், தம் வருஷ வரும்படியில் ஒரு பங்கை வாங்கவேண்டியிருந்த மனிதர், எந்த வீட்டாருக்கும் பதில் சொல்லாமல் தப்பமுடியாது. அவருக்கு மேலதிகாரி கிடையாது, ஊரே அதிகாரி.

ஊர் அதிகாரியாயிருப்பது மெத்தச் சுகம் என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். பெல்லாரிக் கலெக்டராயிருந்த கேம்ப்பெல் என்பவர், மன்றோவின் கேள்விகளுக்கு 1823ஆம் வருஷத்தில் அனுப்பிய பதில், அக்காலத்துப் பள்ளிக்கூடத்தின் உள்ளே நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது போன்றது. அந்தப் பள்ளிகளில், விடியற்காலையில் முதலாவதாக வரும் பையனுடைய உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு, புகழுமில்லை பழியுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாமவனுக்கு இலேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வரிசைப்படி அடியும் ஏறிக்கொண்டே போகும். சோம்பேறிப் பிள்ளையை இரு கைகளையும் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடுவதையும், ஓயாமல் உட்கார்ந்தெழச் செய்வதையும் அவர் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் கோதண்டம் என்றும் தோப்புக்கரணம் என்றும் வழங்கிய தண்டனைகள் இவையே. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் தீட்டியிருக்கும் திண்ணைப் பள்ளிக்கூடச் சித்திரமும் இதற்கு மாறுபட்டதன்று. பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்கிறார்கள் என்று குறைகூறிய அதே கேம்ப்பெல், எழுத்துக் கற்பிப்பதில் அவர்கள் காட்டும் சிக்கனத்தையும், மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் வாயாரப் புகழ்ந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். தேசத்தில் வறுமை பெருகியதால் பள்ளிகள் குறைந்து வருகின்றன என்பதையும், அதற்குச் சீமைத் துணிகளின் வரவும் ஒரு காரணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சொந்தச் சர்க்காரைப் பற்றி இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதிய உத்தியோகஸ்தர்கள் எக்காலத்திலும் அபூர்வம்.

இங்கிலாந்து இதைப் பின்பற்றியது என்று அவர் எழுதிய கதையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்காக 1789இல் ஏற்பட்ட அனாதைச் சாலைக்கு அவர் தலைமை ஏற்றபோது, அங்கே சம்பளத்துக்கிருந்த உபாத்தியாயர்கள் ஒருவரும் அவருக்குத் திருப்தியாக அமையவில்லை. ஒருநாள் காலையில் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தவர், தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் சாலையிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். உபாத்தியாயர்கள் முடியாது என்று கைவிரித்துவிடவே, சிப்பாய் ஒருவனின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் பெரியவர்களைக் காட்டிலும் நன்றாக நடத்தினான். இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை, இவ்வாறாக, சீமைக்குப் பிரயாணம் போவதற்கு ஆயத்தமானான்.

பெல் 1796இல் தாய்நாடு திரும்பி, மறு வருஷமே தம் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர்பெற்றது. ஜோசப் லான்காஸ்டர் என்பவரும் லண்டனில் ஏறக்குறைய இதே முறையைக் கையாண்டு, யார் முந்தியவர் என்று இரு கட்சியாரும் பல காலம் சண்டையிட்டார்கள். 1811இல் ஏற்பட்ட 'நேஷனல் சொசைட்டி' என்னும் திருச்சபைச் சங்கம் பெல்லின் முறையைக் கைக்கொண்டு நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தது. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' என்னும் பள்ளி, ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் இன்றும் அந்தப் பெயரோடேயே நடக்கிறது. ஆனால் போன பொருள் வேறு, போய்ச் சேர்ந்த பொருள் வேறு. திண்ணையில் சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுத்தது வாத்தியாரின் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பிள்ளைகளுக்கு. சீமையிலோ, ஆலைத் தொழில் பெருகிய காலமாதலால், ஒரே மண்டபத்தில் சில நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே ஓர் உபாத்தியாயருக்கு மட்டும் சம்பளம் கொடுத்துச் சமாளிக்கும் உபாயமாக அது மாறிப்போயிற்று. சிக்கனம் என்ற ஒரே குணம்தான் கடலைத் தாண்டிற்று என்று சொன்னால் பிழையாகாது.

மன்றோ, விசாரணையோடு நின்றுவிடவில்லை. ஜில்லாவுக்கு இரண்டு உயர்தரப் பள்ளிகளும் தாலுகாவுக்கு ஒரு பள்ளியும் ஏற்படுத்தி, முன்னதன் உபாத்தியாயருக்கு மாதம் பதினைந்து ரூபாயும் பின்னதன் உபாத்தியாயருக்கு ஒன்பது ரூபாயும் சர்க்காரே கொடுப்பது என்று திட்டமிட்டார். பிள்ளைகள் தரும் சம்பளத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். வாத்தியாருடைய ஜீவனம் திருந்தினால் பாடம் தானே திருந்தும் என்பது அவர் அபிப்பிராயம் போலும். பிற்காலத்துத் திட்டக்காரர்களில் இந்த வரிசையில் சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. அவர் 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மாண்டார். உத்தேசித்த முந்நூறு தாலுகாப் பள்ளிகளில் எழுபது அளவே எழுந்தன. அவற்றையும் 1836இல் மூடிவிட்டார்கள். அதற்குள் ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய மெக்காலேயின் குறிப்பும் வந்துவிட்டபடியால், ஆறு ரூபாய் வாத்தியாரைப் பற்றி நினைப்பதற்கு மேலிடத்தில் எவருக்கும் அவகாசமில்லை.

மீண்டும் அவரை நினைத்தபோது, நினைத்த விதம் வேறாக இருந்தது. 1854ஆம் வருஷத்து உட்டின் கல்விச் சாசனத்தை ஒட்டி, அடுத்த வருஷம் சென்னையில் கல்வி இலாகா பிறந்து, அர்பத்நாட் என்பவர் அதன் முதல் டைரக்டரானார். பள்ளிகளுக்கு உதவிப் பணம் கொடுப்பது என்று ஏற்பட்டது. எப்படிக் கொடுப்பது? அதற்கு விடை இங்கிலாந்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, பிள்ளை ஒன்றின் வருகைக்கு நாலு ஷில்லிங். இன்ஸ்பெக்டரின் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங். ஒவ்வொன்றில் தவறுவதற்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பிடித்தம். கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு, தம் உத்தியோகத்தையும் பாராமல் இதைக் கண்டித்து எழுதினார், பலனில்லை. பிள்ளைகள் வாசகப் புத்தகம் முழுவதையும் உருப்போட்டுவிட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையில்லாமல் 'வாசித்த' கதைகள் அந்நாட்டில் இன்றும் வழங்குகின்றன.

இந்த முறை அதே 1860களில் சென்னைக்கு வந்து, திண்ணையிலும் ஏறிற்று. ஊர் கொடுத்த நெல்லும் அணாவும் சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில், 'கிராண்டு' என்னும் பணம் வாத்தியாருக்குப் பெருத்த ஆதரவாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதற்குக் கூலியாக அவர் கொடுத்ததும் சாமானியமன்று. எண்சுவடியில் எதை நிறுத்தி எதைத் தள்ளுவது, எந்தப் பிள்ளையை எப்போது ஓலைக்கு ஏற்றுவது என்பவை அவர் மனத்துக்குரிய தீர்மானங்களாயிருந்தன. இப்போது ஒன்றாம் வகுப்புக்கு இன்னது, இரண்டாம் வகுப்புக்கு இன்னது என்று அச்சிட்ட தாள் வந்தது. மணலும் ஓலையும் போய்ச் சிலேட்டும் பலகைக் குச்சியும் வந்தன. வருஷத்துக்கொரு முறை வண்டி கட்டிக்கொண்டு டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வரும் நாளுக்கு முன்னமே தரை மெழுகப்பட்டுவிடும். பிள்ளைகளுக்குத் துவைத்த வேஷ்டி. மந்தமான பிள்ளையின் வீட்டுக்கு, அன்று அவனுக்குக் காய்ச்சல் காண்பது நல்லது என்று சூசகமாகத் தகவல் போகும். அன்றைய அரைநாளில் பிள்ளைகளின் வாயிலிருந்து வருவதுதான் வாத்தியார் வீட்டு அடுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைக்கு மேற்கொண்டு ஒன்று சொல்லிக்கொடுப்பதிலும் பணமில்லை, அடியோடு வராதவனைத் தேற்றுவதிலும் பணமில்லை. நடுவில் தள்ளாடுகிறவனைத் தள்ளிக் கரையேற்றுவதில்தான் பணம் இருந்தது. நியாயமான மனிதரையும் அந்த ஏற்பாடு அப்படி நடக்கச் செய்தது. 'வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை' என்னும் பழமொழி எக்காலத்தில் பிறந்ததோ நான் அறியேன். அது மெய்யாகப் பொருந்திய காலம் இதுவே என்பேன்.

இதை எழுதுகையில், பழைய திண்ணையை எண்ணி ஏங்குகிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. அந்தத் திண்ணையில் ஏற உரிமையில்லாமல் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்கள் ஏராளம். ஊருக்குப் பதில் சொல்லும் வாத்தியார், ஊரின் கட்டுப்பாட்டை மீறி ஒரு சேரிப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? மிஷன் பள்ளிகளும், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நிறுவிய பஞ்சமர் பள்ளியும், சர்க்காரின் உதவிப் பண விதிகளும் சேர்ந்தே அந்தக் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தன. தூரத்திலிருந்து வரும் சட்டத்துக்கு ஊரின் முகதாட்சிணியம் கிடையாது என்பது அதன் குறையும் ஆகும், பெருமையும் ஆகும். ஆகவே வாத்தியார் ஊரின் பிடியிலிருந்து விடுபட்டது மொத்தத்தில் நன்மையே. விடுபட்டவரைச் சுயேச்சையாக நிற்க விட்டார்களா என்பதில்தான் சங்கடம்.

கர்சன் பிரபு காலத்தில், 1904ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட கல்வித் தீர்மானம், தேர்ச்சிக்குத் தக்க உதவி என்னும் முறையை ஒதுக்கித் தள்ளியது. இங்கிலாந்து அதை அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. அதை அடுத்துச் சென்னையில் நிகழ்ந்த ஒரு மாறுதலை நம்மவர்கள் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை. டைரக்டராயிருந்த போர்ன் என்பவரின் காலத்தில், 1911இல், மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. ஏற்பட்டது. அதன் விசேஷம், சான்றிதழாக மாணாக்கனுக்குக் கொடுக்கப்பட்ட புத்தகத்திலேயே இருந்தது. பையனின் பெயர், பிறந்த தேதி, மச்சம் தழும்பு முதலிய அங்க அடையாளங்கள் இவற்றோடு, பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய மார்க்குகளும் அதில் எழுதப்பட்டு, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு நின்றன. சர்க்கார் பரீட்சை மார்க்கு பின்னால்தான் வரும். ஒரு பையனைப் பற்றி, மூன்று மணி நேரம் அவன் எழுதிய விடைத்தாளை எங்கோ உட்கார்ந்து திருத்துகிறவருக்குத் தெரிந்ததைக் காட்டிலும், நாள்தோறும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்குத் தெரிந்தது அதிகம் என்னும் எண்ணம், சர்க்கார் காகிதத்தில் இடம்பெற்றது அப்போதுதான். கல்லூரிக்காரர்களும் உத்தியோகம் கொடுப்பவர்களும் பின்பக்கத்துப் பரீட்சை மார்க்கையே புரட்டிப் பார்க்கத் தொடங்கியதனால், முன்பக்கத்து மார்க்குகள் நாளடைவில் வெறும் சம்பிரதாயமாயின. அப்புத்தகத்தைத் தகரப் பெட்டியின் அடியில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. உபாத்தியாயர் எழுதிய பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்தவர்கள் எத்தனை பேர்?

காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய மாநாடும், ஜாகிர் உசேன் குழு வகுத்துக்கொடுத்த ஏழு வருஷத் திட்டமும் முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தவை. கைத்தொழிலை நடுவில் வைத்து, மற்றப் பாடங்களை அதிலிருந்து முளைக்கச் செய்வது ஆதாரக் கல்வியின் சித்தாந்தம். நூற்கும்போது நூலின் நீளத்தில் கணக்கும், பஞ்சு விளையும் மண்ணில் பூகோளமும், துணியின் கதையில் சரித்திரமும் பிறக்கவேண்டும். இதைப்போல ஆசிரியரின் புத்தியையும் கைத்திறனையும் நம்பிய திட்டம் வேறொன்றில்லை. ஆசிரியர்களுக்கு இதைப்போல அவகாசம் கொடுக்காமல் நடத்தப்பட்டதும் அதிகமில்லை. காந்திகிராமம் போன்ற, பற்றுள்ளவர்கள் நடத்திய ஸ்தாபனங்களில் அது உயிரோடு விளங்கிற்று. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்ட பள்ளிகளிலோ, சில வாரப் பயிற்சியோடு திரும்பிய ஆசிரியர், தக்ளியில் நூல் அறுந்துபோன பிள்ளைகளிடையே அலைந்துகொண்டு, மாலையில் எத்தனை சிட்டம் தேறிற்று என்று பதிவேட்டில் எழுதினார். இலாகாவுக்கு வேண்டியிருந்தது அந்த எண்ணிக்கை. முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் ஒப்பித்த பிள்ளைகளை எண்ணியவர்கள், இப்போது சிட்டத்தை எண்ணினார்கள்.

அதற்குப் பின் வந்தது 1953ஆம் வருஷத்துச் சண்டை. ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, கிராமப் பிரதேசத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, அணி ஒன்றுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிப் படிப்பு, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்று ஓர் ஏற்பாடு வந்தது. இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற ஆசிரியரையும் கொண்டு அதிகமான பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது சர்க்கார் தரப்பு நியாயம். அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே காமராஜர் முதலானோர் அதை ஏற்கவில்லை. பருலேகர் தலைமையிலான குழு திட்டத்துக்கு ஆதரவாக அறிக்கை தந்தும், 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி, மே மாதத்தில் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் தீர்மானம். தகப்பன் தொழிலிலிருந்து பிள்ளையை மீட்பதற்கென்றே அவனைப் பள்ளிக்கு அனுப்பிய ஏழைக்கு, பாதி நாளை மறுபடி அந்தத் தொழிலுக்கே கொடு என்பது எப்படிச் சகிக்கும்? அந்தப் பேரிரைச்சலில், சட்டசபையிலும் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை என்று உறுப்பினர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரே பாடத்தை ஒரே நாளில் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் சொல்லவேண்டியவர்களான ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் கலந்து பேசவில்லையே என்று குறைப்பட்டவர்கள் அருமை. காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரானபின் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில்தான், ஊராரும் ஆசிரியரும் மறுபடியும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்தார்கள். ஊரார் தந்த பெஞ்சும் மணியும் கடிகாரமும் கணக்கெழுதப்பட்டன. திண்ணைக் காலத்து உறவின் நல்ல பாகத்தை, அதன் கட்டுப்பாடில்லாமல் மீட்கப் பார்த்த முயற்சி அது.

அப்புறம் நடந்தவற்றை நம்மில் பலர் கண்ணாலேயே கண்டோம். 1957இல் புதிய பைசாவும், அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்து, முந்திரியையும் காணியையும் பாடத்திலிருந்து மட்டுமல்லாமல் சந்தையிலிருந்தும் அனுப்பிவைத்தன. கோத்தாரிக் கமிஷன் 1966இல் அறிக்கை தந்து, தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் தோன்றின. 1986இல் தேசியக் கல்விக் கொள்கை, 2005இல் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், 2020இல் மற்றொரு கொள்கை என்று டெல்லியிலிருந்து வருவன ஒரு புறம். இவற்றுள் 2005ஆம் ஆண்டுச் சட்டகம், குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்றும், ஆசிரியர் அதற்குத் துணைநிற்பவர் என்றும் மிக அழகாகவே சொல்லிற்று. சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரைச் சுற்றித் தாழ்வாகக் கரும்பலகைகள் அடித்து, அவரவர் இடத்தில் அவரவர் எழுதினார்கள். ஒன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் கலந்து உட்கார்ந்து, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பாட அட்டையை அடுத்து எடுக்கவேண்டும் என்பதைச் சுவரில் தொங்கிய ஏணிப்படம் சொல்லிற்று. படத்தை மீறித் தம் யோசனையின்படி போக விரும்பிய ஆசிரியர், பார்வையிட வந்தவருக்குக் காரணம் சொல்லவேண்டியிருந்தது.

சமச்சீர்க் கல்வியின் கதை யாவருக்கும் தெரியும். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்துகிடந்ததை ஒன்றாக்கும் நோக்கத்தோடு, முத்துக்குமரன் குழுவின் அறிக்கையை ஒட்டி 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வருஷம் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் புதிய நூல்கள் வந்தன. மறு வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் வரவேண்டும். நூல்கள் அச்சாகி முடிந்த வேளையில் ஆட்சி மாறிற்று. புதிய சர்க்கார் சட்டத்தைத் திருத்தி நிறுத்திவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2011 ஆகஸ்டு 9ஆம் தேதி, சமச்சீர்க் கல்வியையே நடைமுறைப்படுத்தவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததிலிருந்து அதுவரையில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கையில் பாடநூல் இல்லை. அச்சிட்ட தாள் முதன்முதல் திண்ணைக்கு வந்ததற்குப் பின், மாகாணம் முழுவதிலும் எந்தப் பாடம் என்று எவரும் சொல்லாமல் வாத்தியார்கள் வகுப்புக்குள் நுழைந்த காலம் அநேகமாக அது ஒன்றுதான். இலக்கணத்தை எடுத்துக்கொண்டவர்கள், வாய்பாட்டைத் திருப்பியவர்கள், கதை சொன்னவர்கள், வரைபடத்தைச் சுவரில் மாட்டிக் கேள்வி கேட்டவர்கள் என்று அவரவர் மனத்துக்குப் பட்ட வழியில் அந்த வாரங்களைக் கடத்தினார்கள். அவர்கள் என்ன கற்பித்தார்கள், பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று விசாரித்து எழுதும்படி எந்தக் கலெக்டருக்கும் உத்தரவு போகவில்லை. புத்தகங்கள் ஆகஸ்டில் வந்து சேர்ந்தபோது, முந்தைய ஆட்சியைப் புகழ்வனவாகக் கருதப்பட்ட பகுதிகளின் மேல் தாள் ஒட்டி மறைக்கும்படி தகவல் வந்தது. ஆசிரியர்கள் பசையை எடுத்துவைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கினார்கள்.